சம்பந்தி ஒளித்து வைத்த சொம்பு

அதனால் பெண் வீட்டுக்காரர்கள் எழுந்தே வந்துவிட்டார்களாம், அம்மணி. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, தோட்டம் துரவு, மேட்டுப்பாளையம் ரோட்டில் கடைகள். எல்லாம் இருந்து என்ன? அந்த வேகாத வெயிலில் காரை விட்டு இறங்கிப் போனவர்களை "உக்காருங், உக்காருங்" என்று சொன்னார்களே தவிர, ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட அந்த வீட்டில் ஆள் இல்லையாம். மாப்பிள்ளையின் பெரியம்மா ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாளாம். பெண்ணின் அப்பா எழுந்து, "தண்ணி குடுக்கத் தெரியாத ஊட்டுல என்ற புள்ளையக் குடுக்க முடியாதுங்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதோ முருங்கை மரத்தடியில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாளே என் பேத்தி, அவள் இன்றைக்கு ஓடுவதே ஒரு குவளைத் தண்ணீரால்தான். அந்தக் கதையை உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று நீங்கள்தான் ஆசை காட்டுகிறீர்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள், நடந்ததை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கொரோனா ஒருவழியாக அடங்கிய சமயம், மாசி மாதம். இடம் நம் அன்னூர் இல்லை, உக்ரைன். என் மகள் அங்கேதான் டாக்டருக்குப் படித்தாள். படிக்கப் போனவள் கூடப் படித்த அந்த நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டாள். ஒரு வருடம் சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை இங்கே வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, உட்கார்ந்து சந்தகை பிழிந்து, எருமைக்குத் தவிடு கலக்கி வைத்து, ஒரே வாரத்தில் எல்லோரையும் மடக்கிப் போட்டுவிட்டார். வேட்டி இரண்டு தடவை அவிழ்ந்தது, அது வேறு கதை.

மகளுக்குப் பிரசவம் பார்க்க நான் கிளம்பினேன். என் வீட்டுக்காரர், "எருமைய ஆரு பாக்கறது, நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். பெட்டியில் வசம்பு, சுக்கு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி, அரைஞாண் கயிறு, கூடவே என் அம்மா வீட்டுப் பித்தளைச் சொம்பு. விமான நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் அந்தச் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்குங் பாட்டி இது?" என்றாள். "தண்ணி குடிக்கத்தான் கண்ணு, வேறெதுக்கு?" என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சண்டை வரும் என்று அப்போதே டிவியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மகளிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் வருசா வருசம் சொல்றதுதாம்மா. நீ ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா?" என்றாள். சரி, அங்கேயே இருப்பவளுக்குத் தெரியாததா என்று நானும் விமானம் ஏறிவிட்டேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மாப்பிள்ளைக்கு நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அதனால் பிள்ளையையும் தாயையும் அவருடைய அம்மா வீட்டில், கிராமத்தில் விட்டிருந்தார். நானும் கூட. கிராமம் நம் கரிசல் காடு மாதிரிதான். கறுத்த மண், கண்ணுக்கு எட்டியவரை சமதளம். சூரியகாந்திக் காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் பக்கத்து நாடு. நமக்குப் பொள்ளாச்சியைத் தாண்டினால் கேரளா இல்லையா, அந்த மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. பெண் கொடுத்து, பெண் எடுத்து இருந்திருக்கிறார்கள்.

சம்பந்தியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மடங்கு ஆள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், தனி மனுஷியாகக் காடு பார்க்கிறவள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. ஆனால் சண்டை போட பாஷையா வேண்டும்? பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி, வண்டியில் படுக்க வைத்து, பனி கிடக்கிற முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவாள்! குளிர் காற்றில் தூங்கினால் பிள்ளை கெட்டியாக வளருமாம். நான் போய் உள்ளே தூக்கி வருவேன். அவள் மறுபடி கொண்டுபோய் விடுவாள். நான் வசம்பைச் சுட்டு உரசிப் பிள்ளை நாக்கில் வைத்தால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். மகள் நடுவில் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேருமே செத்த சும்மா இருங்களே" என்று கெஞ்சுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடியது. தேர் நகரும்போது நிலம் அதிரும் பாருங்கள், அந்த மாதிரி ஓர் அதிர்வு. எட்டிப் பார்த்தால் ரோடு முழுக்கப் பக்கத்து நாட்டு டாங்கி. எதிர்த்து நின்று சுட அங்கே ஆள் யாரும் இல்லை. காலைச் சாப்பாட்டு வேளைக்குள் ஊர் அவர்கள் கைக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டார்கள். கரண்ட் போனது, போன் போனது. நகரத்துக்குப் போகிற பாலத்தை உடைத்துவிட்டார்கள் என்று பேச்சு. மாப்பிள்ளை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

அன்றைக்கு மதியம் நான் முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டாளத்துக்காரன் உள்ளே வந்தான். துப்பாக்கி தோளில். முகமெல்லாம் கரி. அம்மணி, நம் ஊரில் ஒறம்பரை, விருந்தாளி என்று வந்தால் என்ன செய்வோம்? யார், எங்கிருந்து, என்ன சங்கதி என்பதெல்லாம் அப்புறம். முதலில் "வாங்க", அடுத்தது தண்ணீர். வாசலில் கால் வைத்தவர் விரோதியாகவே இருந்தாலும் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு. அறுபது வருடம் பழகிய கை. நான் யோசிக்கவே இல்லை. "வாங்" என்று சொல்லிச் சொம்பை நீட்டிவிட்டேன். அவனும் வாங்கி மடமடவென்று குடித்தான். நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான். கிணற்றைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான், போய்விட்டான்.

திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மாள் நிற்கிறாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள். மிச்சத் தண்ணீரைப் பனியில் கொட்டினாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து அந்தச் சொம்பைத் தேய்த்தாள் தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். பிறகு எங்கேயோ கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அம்மா வீட்டுச் சொம்பல்லவா? மகளிடம் போய், "உன்ற மாமியா என்னத்துக்கு என்ற சொம்பப் புடுங்கறா? வந்தவியளுக்குத் தண்ணி குடுத்தது ஒரு குத்தமா?" என்று கேட்டேன்.

மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அம்மா, அவிய ஒறம்பரை இல்லீம்மா. நம்ம ஊரப் புடிக்க வந்தவிய. வர்ற வழியில ரொட்டிக் கடைக்காரரச் சுட்டுப் போட்டாங்க. அவரு அத்தைக்குக் கூடப் பொறந்த அண்ணன். இப்பத்தான் ஆளு வந்து சொல்லிப்போட்டுப் போறாங்க."

போய்ச் சம்பந்தி பக்கத்தில் நின்றேன். அவள் எழுந்து வேறு பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நிலவறைக்குப் போனோம். அங்கே எல்லோர் வீட்டிலும் முற்றத்தில் ஒன்று இருக்கும். மண்ணைத் தோண்டி, படி வைத்து, மேலே பலகைக் கதவு. குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கு, ஊறுகாய் ஜாடி எல்லாம் அதற்குள்தான். நல்ல யோசனைதான், நம் ஊர்ச் சின்ன வெங்காயத்துக்கு இப்படி ஒன்று இருந்தால் அழுகாது என்றுகூட நினைத்தேன். பாருங்கள், தலைக்கு மேலே குண்டு விழுகிறது, எனக்கு வெங்காய நினைப்பு!

விழுந்த குண்டு அந்த ஊர்ப் பட்டாளம் போட்டது. ஊரை மீட்க அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பிடித்தவர்கள் விட மாட்டோம் என்கிறார்கள், பறிகொடுத்தவர்கள் விட மாட்டோம் என்கிறார்கள். ஊரே ஒரு தெருவும் ஒரு பள்ளிக்கூடமும்தான். அதற்கு அப்படி ஒரு சண்டை. ஒருநாள் தெருவின் அந்த முனை இவர்கள் கையில், அடுத்த நாள் அவர்கள் கையில். நாங்கள் நடுவில் கிழங்கோடு கிழங்காகக் கிடந்தோம். நான், மகள், குழந்தை, சம்பந்தியம்மாள்.

மகளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. தண்ணீர் போதாமல் பால் வற்றத் தொடங்கியது. கிணறு நாலு எட்டு வைத்தால் வந்துவிடும், ஆனால் வெளியே தலை நீட்ட முடியவில்லை. கேனில் அடியில் கிடந்த தண்ணீரை நானும் சம்பந்தியும் தொடவில்லை. மகளுக்கே ஊற்றினோம். நாங்கள் ஊறுகாய் ஜாடியின் புளித்த நீரைக் குடித்துக்கொண்டோம். அப்போதும் சம்பந்தி என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஜாடியை நீட்டுவாள், பார்வை மட்டும் சுவர்ப் பக்கம் இருக்கும்.

அந்தக் காலை நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பலகை இடுக்கு வழியே வெளிச்சம் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. துப்பாக்கிச் சத்தம் தெருவில், பக்கத்து வீட்டில், எங்கள் கொட்டகையில் என்று நெருங்கி வந்தது. பிறகு சட்டென்று நின்றது. முற்றத்தில் பூட்ஸ் கால் சத்தம். யாரோ ஏதோ கத்தினார்கள்.

எந்தப் பட்டாளம் என்று சம்பந்திக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பேச்சு என்று சொன்னேனே. சத்தம் போடாதே என்று விரலை உதட்டில் வைத்து எனக்குக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி சிணுங்கினாள். சம்பந்தி அவளை வாரி எடுத்து, அந்தப் பெரிய கையால் வாயைப் பொத்தினாள். மகள் காய்ச்சலில் அரை மயக்கம். மேலே மறுபடி ஒரு கத்தல். இங்கே குழந்தையின் கால் ரெண்டும் காற்றில் உதைக்கிறது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகிறது.

எனக்குப் புரிந்தது இரண்டே விஷயம். இப்படியே இருந்தால் பிள்ளை மூச்சு முட்டிப் போய்விடும். இன்னொன்று, யாரோ வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார்கள், உள்ளே ஆள் இருந்துகொண்டே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிடுகிறவருக்குத் தண்ணீர் தாகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அம்மணி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு வந்தவனும் அதற்குத்தானே வந்தான்?

சொம்பு இல்லை. தகரக் குவளைதான் இருந்தது. கேனில் மிச்சமிருந்ததை அதில் சாய்த்தேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மங்கி குல்லாயோடு படியேறினேன். மகளுக்கு எப்படித்தான் நினைவு வந்ததோ, "அம்மா, போகாதம்மா!" என்று கத்தினாள். அதற்குள் நான் பலகையைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டேன்.

"வாங், வாங்... தண்ணி குடிங் முதல்ல."

எதிரே ஒருத்தர் நின்றார். சின்னப் பையன் எல்லாம் இல்லை. நம் டவுன் பஸ் கண்டக்டர் வயது இருக்கும். நரைத்த தாடி, கொஞ்சம் தொப்பை. ஒரு கையை ஓங்கி வைத்திருந்தார். கையில் கொய்யாக்காய் அளவுக்கு என்னவோ ஒன்று. அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு இன்னொருத்தர். பூமிக்குள்ளிருந்து சேலை கட்டிக்கொண்டு ஒரு கிழவி குவளையோடு எழுந்து வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அவர் வாய் திறந்தது, மூடவே இல்லை. ஓங்கிய கையும் அப்படியே நின்றது.

நான் குவளையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அந்த நேரம் கீழே சம்பந்தி கையை எடுத்திருக்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டதும் அந்த ஆளுக்கு முகமே மாறிவிட்டது. பின்னால் இருந்தவர் ஏதோ அலறினார். இவர் அந்தக் கொய்யாக்காயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் ஓடினார். வேலிக்கு அக்கட்ட இருந்த பள்ளத்தில் வீசிவிட்டுக் குப்புற விழுந்தார். டமாரென்றது பாருங்கள், என் காது இன்றைக்கும் வலப்பக்கம் மந்தம். மண்ணும் பனியும் என் தலையில் கொட்டின. குவளையை மட்டும் நான் விடவில்லை. முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது.

அது கையெறி குண்டு என்று மகள் பிறகுதான் சொன்னாள். அவர் கத்தியது, "உள்ளே யாராவது இருந்தால் வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் போடுவேன்" என்றுதானாம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். வெளியே வரச் சொன்னது சம்பந்திக்குக் கேட்டதாம், போடுவேன் என்றது பலகைக்குக் கீழே காதில் விழவில்லையாம். பதில் வராத நிலவறையில் எதிரி ஒளிந்திருப்பான் என்று அவர்களுக்கு நினைப்பு. முந்தின நாள் அப்படி ஒரு நிலவறையிலிருந்து சுட்டு, அவர்கள் ஆள் ஒருத்தர் போயிருக்கிறார். இவர் குண்டின் ஆணியை ஏற்கெனவே உருவிவிட்டாராம். கையைத் தளர்த்த வேண்டியதுதான் பாக்கி.

அவர் எழுந்து வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். நான் குவளையைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியைக் கூட வந்தவருக்குக் கொடுத்தார். பிறகு நிலவறைக்குள் எட்டிப் பார்த்தார். மகள், குழந்தை, கவிழ்ந்து கிடந்த காலிக் கேன் எல்லாம் அவர் கண்ணில் பட்டது. கேனை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். தெரு முனையில் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் குனிந்து குனிந்து வாளியை இறக்கி, கேன் நிரம்பும்வரை சேந்தித் தூக்கி வந்து படியில் வைத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் அந்த ஊர்ப் பட்டாளத்துக்காரர் என்பதும் சம்பந்தி வெளியே வந்து, அவர் தோளில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பொழுதோடு, இருட்டுவதற்குள், அவர்களே ஒரு வேனைக் கொண்டுவந்து, குழந்தையையும் தாயையும் முதலில் ஏற்றச் சொன்னார்கள். சம்பந்தி வர மாட்டேன் என்றுவிட்டாள். மகன் தேடி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம். மகள் எவ்வளவோ கெஞ்சினாள். நானும் கையைப் பிடித்து இழுத்தேன், "ஏனுங், உங்களுக்கென்ன கிறுக்கா? வாங் போலாம்" என்று. கல் மாதிரி நின்றாள்.

வேன் கிளம்பும்போது, "நில்லு" என்கிற மாதிரி கையைக் காட்டினாள். நிலவறைக்குள் இறங்கிப் போனாள். உருளைக்கிழங்குக் குவியலைக் கிளறுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் நான் தலை வைத்துப் படுத்த குவியல்! அதற்கடியில்தான் என் சொம்பு இருந்திருக்கிறது. வெளியே எடுத்து வந்தாள். கிணற்றுக்குப் போனாள். நிறையத் தண்ணீர் சேந்தி, ததும்பத் ததும்பக் கொண்டுவந்து ஜன்னல் வழியே என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு வலுக்கட்டாயமாகப் பிடுங்கினாளே, அதே கையால். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். அப்படி ஒரு குளிர்ச்சி, பல்லெல்லாம் கூசியது.

அப்புறம் வேன், ரயில், போலந்து எல்லையில் பனியில் வரிசை, அரசாங்க விமானம், டெல்லி, கோயமுத்தூர். குழந்தையின் அழுகையைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையை அந்த நாடு வெளியே விடாது, டாக்டர் ஆச்சே, அவரும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார். ஒருமுறை மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தியைப் பிறகு நகரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்தக் கிராமம் இன்னும் இழுபறியில்தான் இருக்கிறதாம். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துக்கொள்வோம். அவள் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக் காட்டுவாள், நான் சொம்பைத் தூக்கிக் காட்டுவேன். பேத்திக்கு ஸ்வெட்டர் போடாமல் விட்டிருக்கிறேனே என்று அவள் திட்டுகிறாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரியும். இந்தச் சித்திரை வெயிலில் ஸ்வெட்டராம்!

ஆனால் ஒன்று, அம்மணி. முதல் நாள் நான் கொடுத்த தண்ணீரைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை. அண்ணன் செத்த அன்றைக்கே, அவனைச் சுட்ட கூட்டத்துக்கு அவள் வீட்டு வாசலில் நின்று, அவள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க நான் யார்? அவள் தேய்த்த தேய்ப்பு நியாயம்தான். ஆனால் ஆள் பார்த்துக் கொடுக்க என் கை பழகியிருந்தால், அன்றைக்கு நானும் மேலே கேட்கிற கால் யாருடைய கால் என்று யோசித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருப்பேன். இது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு நேராகவே இல்லை. நேராகாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசலில் கால் சத்தம் கேட்டால் கை தானாகச் சொம்பைத் தேடுகிறது, அது போதும்.

அட, அங்கே பாருங்கள்! தண்ணீர் திறந்துவிடுகிறவர் வந்துவிட்டார். அதற்குள் என் பேத்தி டம்ளரைத் தூக்கிக்கொண்டு பாதியைச் சிந்திக்கொண்டே கேட்டுக்கு ஓடுகிறாள். "வாங், தண்ணி குடிங்" என்கிறாள் கேட்டீர்களா? எல்லோருக்கும் தண்ணீர் விடுகிறவருக்கே தண்ணீர்! குழாயில் காற்றுச் சத்தம் வருகிறது, பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற நல்ல தண்ணீர். எழுதினது போதும் அம்மணி, நீங்களும் ஓடுங்கள், நான் குடம் வைக்க வேண்டும்.